குழலும் குறியும்

சோழவரம் ஏரிக்கரையை அடுத்த எம் இல்லத்தில், பாட்டனாரின் கட்டிலுக்கு அடியில், நீண்ட மரப்பெட்டி ஒன்று நெடுங்காலம் கிடந்தது. அதன் பூட்டுக்குரிய திறவுகோல் பாட்டனாரின் இடுப்புக் கயிற்றை விட்டு ஒருபோதும் நீங்கியதில்லை. சிறு பருவத்தில் யாம் அப்பெட்டியில் பொன் இருப்பதாக எண்ணியிருந்தோம். உள்ளே இருந்ததோ ஒரு துப்பாக்கி. அதுவும் வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி.

பாட்டனாரின் தந்தையார் ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும் பயிரிட்டவர். பயிரைக் காக்கும் பொருட்டு முறைப்படி உரிமம் பெற்று அவர் வைத்திருந்த கருவி அது. அவர் காலத்திற்குப்பின் உரிமத்துடன் பாட்டனாரிடம் வந்தது. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபின் அதற்கு வேலையும் இல்லாமற் போயிற்று. வேர்க்கடலை விளைந்த மேடும் மனைகளாகப் பிரிந்துவிட்டது. ஆயினும் பாட்டனார் ஞாயிறுதோறும் ஆலயத்திலிருந்து திரும்பியதும் பெட்டியைத் திறந்து, குழலைத் துடைத்து, எண்ணெய் இட்டு, மீண்டும் பூட்டிவிடுவார். பொதுத் தேர்தல் வருங்காலங்களில் உரிமம் பெற்றோர் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தல் வழக்கமன்றோ? அப்போதெல்லாம் அவர் அதனைத் துணியிற் சுற்றி, இரு கைகளிலும் ஏந்தி, கைக்குழந்தையைத் திருமுழுக்குக்குக் கொண்டு செல்வார்போல நடந்து செல்வார். தேர்தல் முடிந்ததும் சீட்டைக் காட்டி மீட்டு வருவார்.

தமிழ் பயிலும் எமக்கு அக்கருவியினிடத்து முதலில் உண்டான பற்று அதன் பெயர்பற்றியதே. துப்பாக்கி என்னும் சொல் துருக்கியர் மொழியிற் பிறந்து, வடநாட்டு மொழிகளின் வழியாக நம்மை அடைந்தது. ஆனால் அதன் உறுப்புக்களுக்கு நம்மவர் இட்ட பெயர்கள் நம்முடையவை. மருந்தும் குண்டும் செல்லும் இரும்புப் பகுதி குழல். தோளில் தாங்கும் மரப்பகுதி கட்டை. மேலெழும்பி நின்று, விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் உறுப்புக்குக் குதிரை என்று பெயர். எத்துணைப் பொருத்தம்! இப்பெயரை இட்டவன் கவிஞனே என்று யாம் ஒரு நாள் சொல்ல, பாட்டனார், "கவிஞன் அல்லன் தம்பி, அந்தக் குதிரையிடம் கட்டைவிரலில் உதை வாங்கியவன்" என்றார்.

பாட்டனார் உழவர் அல்லர். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் லேத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பையும் பித்தளையையும் மயிரிழை பிசகாமற் கடைந்து பழகிய கை அவருடையது. இளமையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமானத் தளத்தின் ஓடுபாதையில் கார்ப் பந்தயங்கள் நிகழ்ந்தபோது வேலியருகே நின்று, ஓசையைக் கொண்டே எந்த வண்டியின் இயந்திரத்தில் என்ன குறை என்று சொல்வாராம். இப்போது அப்பந்தயங்கள் இல்லை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் ஏற்பட்டபின் ஓடுபாதையின் புகழும் அடங்கிவிட்டது. அவருடைய செவி மட்டும் அப்படியே கூர்மையாக இருந்தது. கண்ணும் அவ்வாறே உள்ளதென்று யாம் எண்ணியிருந்தோம்.

கண்ணைப்பற்றி அவர் ஒரே ஒரு முறை குறைப்பட்டுக்கொண்டார். குழலின் முனையில் நெல்மணி அளவாக ஒரு முன்குறியும், கண்ணருகே ஒரு பிளவுபட்ட பின்குறியும் உள்ளன. குறிபார்ப்பவன் பிளவினூடே நெல்மணியையும், நெல்மணியின்மேல் இலக்கையும் ஒரு நேராக வைத்தல் வேண்டும். "மூன்றையும் ஒன்றாகப் பார்க்க இப்போது முடிவதில்லை" என்றார் பாட்டனார். இது முதுமையின் இயல்பு. பின்குறி கண்ணுக்கு ஒரு முழத் தொலைவில் உள்ளது; முன்குறி இரண்டு முழத்திற்கும் அப்பால்; இலக்கோ நூறு கஜம். இளங்கண்ணின் வில்லை மூன்றிற்கும் கணப்பொழுதில் வளைந்து கொடுக்கும். நாற்பது கடந்த கண்ணில் அவ்வில்லை இறுகத் தொடங்கும். ஒன்றைத் தெளிவாக்கினால் மற்ற இரண்டும் கலங்கும்.

இதற்கு மருந்தொன்று உண்டென்று யாம் பெருமிதத்துடன் அறிவித்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணமான தவறு. கல்லூரி நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய், பழந்துப்பாக்கிகளின் மீது தொலைநோக்கிக் குழல் பொருத்திய வரலாற்றைப் படித்திருந்தோம். அதனைப் பாட்டனாருக்கு விரித்துரைத்தோம்.

தொலைநோக்கியைக் குறிபார்க்கும் கருவியாக்கியது ஒரு சிலந்தி என்பர். 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்னும் இளைஞர் தம் தொலைநோக்கியினுள் வான்பொருளுடன் சேர்ந்து ஒரு மெல்லிய கோடும் மிகத் தெளிவாகத் தோன்றக் கண்டார். வில்லைகளின் பொதுக்குவியத்தில் சிலந்தி ஒன்று நூலிழைத்திருந்தது. அவ்விடத்தில் நிற்கும் இழையும் காத தூரத்தில் நிற்கும் பொருளும் கண்ணுக்கு ஒரே தொலைவினவாகிவிடும். மூன்றைப் பார்க்க வேண்டிய துன்பம் ஒன்றைப் பார்த்தலாய் முடியும். காஸ்காயின் 1644-இல் உள்நாட்டுப் போரில் இளமையிலேயே மாண்டார். அவருடைய கண்டுபிடிப்பு வானியலாருக்கும் நிலம் அளப்போருக்கும் பயன்பட்டது. நம் ஊரை அடுத்த பரங்கிமலையில் 1802-ஆம் ஆண்டில் லாம்டன் அடிக்கோடு அளந்து, அதிலிருந்து இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரிக்கத் தொடங்கியபோது, அவர் கையிலிருந்த பெருங்கருவியின் தொலைநோக்கியும் இத்தகைய இழையைக் கொண்டே குறிபார்த்தது. அரை டன் எடையுள்ள அக்கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சிதைந்ததும், லாம்டன் கூடாரத்தினுள் பல வாரங்கள் இருந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டதும் யாவரும் அறிந்த கதை. பாட்டனாருக்கு எம் விரிவுரை முழுவதிலும் இவ்விடம் ஒன்றே பிடித்திருந்தது. "வளைந்த வட்டத்தை நிமிர்த்தினாரா? எதைக் கொண்டு?" என்று கேட்டார். மரச்சுத்தி, திருகு, கப்பி என்று யாம் சொல்ல, "ஆம், அப்படித்தான் செய்ய வேண்டும்" என்று தம் உடன் பணியாளரைப் பாராட்டுவார்போலத் தலையசைத்தார்.

துப்பாக்கியின்மேல் இக்குழல் ஏறுவதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் யூட்டிக்கா என்னும் ஊரில் மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கொல்லர், ஜான் சாப்மன் என்னும் பொறியாளரின் யோசனைப்படி இத்தகைய குழல்களைச் செய்தார். சாப்மன் அவற்றை விளக்கி ஒரு நூலும் எழுதினார். 1855-இல் சிரக்யூஸ் நகரத்து வில்லியம் மால்கம், நிறப்பிழை நீக்கிய இரட்டை வில்லைகளைப் பயன்படுத்தி, மேலும் கீழும் பக்கங்களிலும் நுட்பமாக நகர்த்தும் திருகுகளை அமைத்தார். துப்பாக்கிக் குழலின் நீளத்திற்கு ஏறக்குறைய ஈடான, பெருவிரற் பருமனுள்ள குழல்கள் அவை. பழமையில் விருப்புடையோருக்காக அப்பாணிக் குழல்களை மேனாட்டில் இன்றும் செய்கின்றனர். ஆனால் எம்மை மிகவும் ஈர்த்தவர் இந்தியாவில் பணியாற்றிய ஒருவர்: பம்பாய்ப் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் டேவிட்ஸன். அவர் 1862-இல் காப்புரிமை பெற்ற குழல் துப்பாக்கியின் மேலே அமராமல் இடப்பக்கத்தில் அமரும். அதனால் மேலுள்ள இரும்புக் குறிகள் மறையாமல் நிற்கும்.

அக்குழல் சென்று சேர்ந்த துப்பாக்கியோ அக்காலத்தில் ஈடிணையற்றது. விட்வொர்த் என்னும் பொறியாளர் செய்த அதன் உட்குழல் வட்டமன்று. அறுகோணமாய், இருபது அங்குலத்திற்கு ஒரு சுற்றாக முறுக்கிச் செல்வது. 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார், தாங்கியில் இறுகப் பொருத்திய அத்துப்பாக்கியின் விசைக்கயிற்றை இழுக்க, குண்டு 400 கஜத்திற்கு அப்பால் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துள் பாய்ந்தது. அதுவும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கியே என்று யாம் சொன்னபோது பாட்டனார் தம் துப்பாக்கியை ஒரு முறை நோக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டுப் படையினர் சிலர் டேவிட்ஸன் குழல் பூட்டிய விட்வொர்த் துப்பாக்கிகளை வைத்திருந்தனர். 1864 மே 9-ஆம் நாள் ஸ்பாட்ஸில்வேனியாவில் வடநாட்டுத் தளபதி ஸெட்ஜ்விக், இத்தொலைவிலிருந்து யானையைக்கூட அவர்களால் அடிக்க முடியாது என்று தம் வீரருக்குத் தைரியம் கூறிக்கொண்டிருக்கையில் குண்டடிபட்டு வீழ்ந்தார். அக்குண்டு விட்வொர்த் துப்பாக்கியினின்று வந்ததென்றே பலர் கருதுவர்.

பாட்டனார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "முகம் தெரியும்படி பெரிதாக்கிப் பார்த்த பிறகும் ஒருவனுக்குச் சுட மனம் வருமா?" என்றார். எமக்கு விடை தெரியவில்லை.

நிற்க. குழல் ஒன்று செய்து பொருத்திப் பார்ப்போமா என்று யாம் கேட்டபோது இரண்டு தடைகள் எழுந்தன. முதலாவது, எம் வீட்டுத் துப்பாக்கியின் உட்புறம் வழவழப்பானது, முறுக்குவரி அற்றது. அதன் குண்டு காற்றில் தன் விருப்பம்போல் அலையும். அதற்குத் தொலைநோக்கி பூட்டுதல் மாட்டுவண்டிக்கு வேகங்காட்டும் கருவி பூட்டுதலை ஒக்கும். இரண்டாவது, உரிமம் பெற்ற துப்பாக்கியில் அரம் வைப்பதோ துளையிடுவதோ அதற்கென உரிமம் பெற்றவரன்றிப் பிறர் செய்யத்தக்கதன்று. பாட்டனார் சட்டத்திற்கு அஞ்சினாரோ, தந்தையாரின் பொருளில் அரம் படுவதற்கு அஞ்சினாரோ, அறியோம். "அதைத் தொடக்கூடாது" என்றார். ஆனால் மறுநாட் காலையில், இடிந்த வீடொன்றின் கதவு நிலையிலிருந்து வந்த தேக்குச் சட்டம் ஒன்றைத் திண்ணையின்மேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். துப்பாக்கியின் நீளத்தைச் சாணால் அளந்து அதே அளவில் மரத்துப்பாக்கி ஒன்று செய்யப் போவதாகச் சொன்னார். சுடாத துப்பாக்கிக்குக் குழல் பூட்டச் சட்டமும் தடுக்காது, குண்டும் அலையாது.

அக்கோடை விடுமுறை முழுவதும் இவ்வேலையிற் சென்றது. செங்குன்றத்தில் எம் உறவினர் ஒருவருடைய பட்டறையில், மாலையில் வேலையாட்கள் சென்றபின், பாட்டனார் லேத்தின்முன் நிற்பார். முக்கால் அங்குலப் பித்தளைக் குழாயை அவர் கடைந்ததை யாம் வியப்புடன் நோக்கியிருந்தோம். அவர் வெர்னியரைக் கையிலெடுத்ததே இல்லை. விரல்நுனியால் தடவி, "இன்னும் ஒரு பொடி" என்பார். யாம் அளந்து பார்த்தால் அவ்வாறே இருக்கும். அளவுகோலை அவரிடம் நீட்டினால், "நீயே படி தம்பி, உனக்குப் பழக்கமாகட்டும்" என்பார். எம்மைப் பழக்குகிறார் என்று எண்ணி மகிழ்ந்தோம். பேதைமை!

வில்லைகளின் கணக்கு எம் பொறுப்பு. பள்ளியில் படித்த ஒளியியலைத் தூசி தட்டி எடுத்தோம். முதலில் ஒரு குவிவில்லையும் ஒரு குழிவில்லையும் கொண்டு கலிலியோ முறையில் அமைத்தோம். உரு நேராகத் தோன்றியது. ஆனால் அம்முறையில் குவியம் குழலுக்கு வெளியே சென்றுவிடும், இழை நிறுத்த உள்ளே இடமில்லை. ஆகவே கெப்ளர் முறைக்கு மாறினோம். முன்னே 30 செ.மீ. குவியத் தூரமுள்ள வில்லை, கண்ணருகே 5 செ.மீ. குவியத் தூரமுள்ள வில்லை. பொருள் ஆறு மடங்கு பெரிதாகும். இழைக்கும் இடம் கிடைத்தது. ஆனால் உலகம் தலைகீழாயிற்று. ஏரியில் நின்ற கொக்கு வானத்தில் நின்றது; வானம் ஏரியாய்க் கிடந்தது. பாட்டனாரைச் சிரிக்க வைக்கலாமென்று ஒன்றும் சொல்லாமல் குழலை அவரிடம் கொடுத்தோம். அவர் வலக்கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். "நன்றாகத் தெரிகிறதே" என்றார். தலைகீழாக இல்லையா என்று கேட்டோம். "ஆம், ஆம், தலைகீழாகத்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். எம் மனம் வருந்தாமல் இருக்கவே முதலில் சொல்லாமல் விட்டார் என்று கொண்டோம்.

உருவை நிமிர்த்த இடையில் மற்றொரு 5 செ.மீ. வில்லை வேண்டியிருந்தது. அதற்காகக் குழல் 20 செ.மீ. நீண்டு, மொத்தம் 55 செ.மீ. ஆயிற்று. உட்புறத்தில் ஒளி சிதறாமலிருக்க விளக்குக் கரியைப் பூசினோம். இழைக்குத்தான் பெரும்பாடு. சிலந்தி நூலை எடுக்க முயன்று மூன்று நாட்கள் வீணாயின. காஸ்காயினுக்கு உதவிய சிலந்தியின் குலம் எமக்கு உதவ மறுத்தது. தலைமயிர் ஒன்றைக் குறுக்கே ஒட்டினோம். அது குழலினுள் கயிறுபோல் தோன்றி, நூறு மீட்டர் தொலைவிலுள்ள பொருளில் இரண்டு செ.மீ. அகலத்தை மறைத்தது. இறுதியில் பாட்டியார் தம் திருமணத்தன்று உடுத்திய வெண்பட்டின் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தந்தார். பாட்டியார் எதையும் எளிதில் தருபவர் அல்லர். அந்நூலைப் பிரித்துப் பிரித்து, கண்ணுக்குத் தோன்றியும் தோன்றாமலும் உள்ள தனி இழைகள் இரண்டைப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினோம். அவை அரை செ.மீ.கூட மறைக்கவில்லை. சிலுவைக் குறி பிசிறின்றி நின்றது.

குழலை மரத்துப்பாக்கியின் இடப்பக்கத்தில் டேவிட்ஸன் முறைப்படி பொருத்தினோம். முன்தாங்கி உருண்டை முனையில் திரும்பும். பின்தாங்கியில் மேல்கீழாக நகர்த்த ஒரு திருகு, பக்கவாட்டில் நகர்த்த ஒரு திருகு. இரு தாங்கிகளுக்கும் இடைத்தூரம் 35 செ.மீ. திருகின் ஒரு சுற்று 0.7 மி.மீ. நகர்த்தும். எனவே ஒரு முழுச் சுற்றுக்கு, நூறு மீட்டர் தொலைவில் சிலுவை 20 செ.மீ. நகரும்; காற் சுற்றுக்கு 5 செ.மீ. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்முனையை இடப்பக்கம் தள்ளினால் குழலின் பார்வை வலப்பக்கம் திரும்பிவிடும். யாம் இதனை மறந்து முதல் நாள் முழுவதும் எதிர்த்திசையிலேயே திருகிக்கொண்டிருந்தோம். கரையோரப் பனைமரம் ஒன்றில் ஒரு சாண் விட்டமுள்ள கருவட்டம் வரைந்த அட்டையைக் கட்டி, இரும்புக் குறிகளாலும் சிலுவையாலும் அவ்வட்டத்தின் நடுவையே ஒருசேர நோக்கும்படி திருகுகளைச் சரிசெய்து முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் அதிகாலையில் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து, மரத்துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் வைத்து, கட்டையைத் தோளிற் பொருத்திக் குழலுள் நோக்கினார். அவர் முகத்தில் அவ்வளவு அமைதியை யாம் முன்பு கண்டதில்லை. "வட்டத்தின் நட்ட நடுவில் நிற்கிறது தம்பி" என்றார். அவர் எழுந்தபின், துப்பாக்கியை அசைக்காமல் யாம் நோக்கினோம். சிலுவை வட்டத்தில் இல்லை, பனையிலும் இல்லை. மூட்டை இரவில் சரிந்திருந்தது. சிலுவை நின்றது வெறும் நீரின்மேல்.

யாம் அப்போது பேசாதிருந்திருக்கலாம். அல்லது நேராகக் கேட்டிருக்கலாம். இரண்டும் செய்திலோம். மூட்டையை நிமிர்த்தி, வட்டத்தில் சிலுவையை மீண்டும் நிறுத்தி, பின்பு பாட்டனார் அறியாவண்ணம் பக்கத் திருகை இடப்புறமாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினோம். இப்போது சிலுவை வட்டத்தின் நடுவிலிருந்து வலப்பக்கம் 40 செ.மீ. விலகி நிற்க வேண்டும், அங்ஙனமே நின்றது. "தாத்தா, இன்னொரு முறை பாருங்கள்" என்றோம். அவர் பார்த்தார். "நடுவில்தான்" என்றார். அக்குரலில் ஐயம் சிறிதும் இல்லை. அதுவே எமக்குத் தாங்கவில்லை.

அக்கணத்தில் பல செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. வெர்னியரைத் தொடாத விரல்கள். தலைகீழாகத் தோன்றியும் அவர் காணாத கொக்கு. சென்ற தவக்காலத்தில் ஆலயத்தில் நிகழ்ந்த ஒன்றும் நினைவுக்கு வந்தது. வேத பாடம் வாசிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாகப் பாட்டனாருடையது. அன்று போதகர் ஒரு சங்கீதத்தின் எண்ணை அறிவிக்க, பாட்டனார் நூலை விரித்து வைத்துக்கொண்டு கணீரென்று வேறொரு சங்கீதத்தை வாசித்தார். பக்கம் தவறிவிட்டதென்று சபையார் நினைத்தனர். அவர் வாசிக்கவே இல்லை; நெஞ்சிலிருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாம் அழுதிருக்க வேண்டும். ஏனெனில் பாட்டனார் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு தள்ளி நிற்கிறது?" என்று கேட்டார். இரண்டு சுற்று என்றோம். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. சிறிது பொறுத்து, வலக்கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதென்றும், இடக்கண்ணில் மூடுபனிபோல் உள்ளதென்றும், இரண்டாண்டுகளாகவே இவ்வாறென்றும் சொன்னார். துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தது. கண் இல்லாதவனுக்குத் துப்பாக்கி எதற்கென்று ஒருவர் கேட்டால் தம்மிடம் மறுமொழி இல்லை என்பதனால் எவரிடமும் சொல்லவில்லை என்றார். மருத்துவரிடம் சென்றால் வீட்டார்க்குத் தெரிந்துவிடும். வீட்டார்க்குத் தெரிந்தால் பெட்டி போய்விடும். தந்தையாரின் நினைவாக அவரிடம் எஞ்சியது அஃதொன்றே.

முதியவர் ஒருவரைப் பொறிவைத்துப் பிடித்தது தகுமா என்று அன்று முதல் எம்மையே வினவி வருகின்றோம். பிறர் கண்ணிலுள்ள துரும்பைத் தேடும் கருவியைச் செய்தவர் யாம். இரண்டாண்டுக் காலம் அவருடன் ஒரே இல்லத்தில் உண்டு உறங்கியும் ஒன்றையும் காணாத கண்கள் எம்முடையவை அல்லவோ? ஆயினும் அத்திருகைத் திருப்பாது விட்டிருந்தால் இன்று வருந்துவதினும் மிகுதியாக வருந்தியிருப்போம்.

மறுநாள் காலையில் பாட்டனார் சலவை வேட்டி உடுத்துப் பெட்டியைத் திறந்தார். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் இட்டார், அன்று ஞாயிறன்று. தேர்தலும் இல்லை. துணியிற் சுற்றி இரு கைகளிலும் ஏந்தி நடந்தார். யாம் உரிமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்சென்றோம். நிலையத்தில் இருந்தவர் அவரை அறிந்தவர். "ஐயா, இப்போது தேர்தல் இல்லையே" என்றார். பாட்டனார், "தெரியும். இம்முறை சீட்டு வேண்டியது திருப்பி வாங்குவதற்கன்று" என்றார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கையொப்பமிட வேண்டிய இடத்தை யாம் விரலால் தொட்டுக் காட்டினோம்.

அதன்பின் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். 1819-இல் தோன்றி இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் நிலையம் அது. இரு கண்ணிலும் புரை என்றும், வலக்கண்ணில் முற்றியுள்ளதென்றும், நரம்பு கெடவில்லையாதலால் பார்வை மீளும் என்றும் மருத்துவர் சொன்னார். புரையுண்ட இயற்கை வில்லையை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை வில்லை ஒன்றை வைப்பார்கள். இவ்வில்லையின் பிறப்பும் ஒரு போரோடு சேர்ந்ததே. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் கண்ணாடிபோன்ற பெர்ஸ்பெக்ஸ் மூடி உடைந்து, அதன் சிதறல்கள் விமானிகளின் கண்களில் பாய்ந்தன. அவை கண்ணினுள் தங்கியும் புண்ணாக்காதிருத்தலை ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர் கண்டார். 1949-இல் அதே இனப் பொருளால் வில்லை செய்து, லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒருவர் கண்ணினுள் வைத்தார். இதனைப் பாட்டனாருக்குச் சொன்னபோது, நம் ஊர் ஓடுபாதையிலும் அத்தகைய விமானங்கள் இறங்கியிருக்குமா என்று கேட்டார். பின்பு, "வில்லையை எப்படி நடுவில் நிறுத்துவார்கள்? திருகு உண்டா?" என்றார். திருகு இல்லை, வளைந்த இரண்டு மெல்லிய கால்கள் தாமாகவே விரிந்து நிறுத்திக்கொள்ளும் என்று மருத்துவர் விளக்கவே, பாட்டனாருக்கு அவரிடம் பெருமதிப்பு உண்டாயிற்று.

வலக்கண்ணுக்குச் சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரத்தில் யாம் கல்லூரியிலிருந்து வீடு சென்றிருந்தோம். மழைக்குப்பின் ஏரி நிறைந்திருந்தது. கூழைக்கடாக்கள் சில நடுநீரில் மிதந்தன. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் இறகை விரித்துக் காய்ந்தன. கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்த இடம் வெறுமையாய், சுவரோரம் நீண்ட தூசிக்கோடு மட்டும் தெரிந்தது. பாட்டனார் திண்ணையில் மணல்மூட்டையின்மேல் மரத்துப்பாக்கியை வைத்து, கட்டையைத் தோளிற் பொருத்தி, வழக்கம்போல் வலக்கண்ணால் குழலுள் நோக்கிக்கொண்டிருந்தார். பனைமரத்து அட்டை மழையில் ஊறி வெளுத்திருந்தாலும் வட்டம் அழியவில்லை. யாம் அருகிற் சென்று அமர்ந்தோம். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"இரும்புக் குறி நடுவில் நிற்கிறது. நூல் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது" என்றார். "ஒன்றரை முழம் இருக்கும்."

ஒரு முழத்திற்கும் சற்றுக் குறைவு என்றோம்.

"இரண்டு சுற்றைத் திருப்பி வைக்காமலே கல்லூரிக்குப் போய்விட்டாய்" என்று சொல்லி, திருகு எங்கே என்று பார்க்காமலே விரலால் தடவி எடுத்து, மெல்லத் திருப்பத் தொடங்கினார்.